கார்டில் காய்ந்த சந்தனம்

என் ஆசை அண்ணனுக்கு,

மலையில் மேகம் இறங்கிவிட்டது. கச்சிராயபாளையத்தில் நம் ஸ்டுடியோ வாசலில் நின்றால், கல்வராயன் மலை இருக்கிற இடத்தில் வெள்ளையாக ஒன்றுமேயில்லை. இந்த மாதிரி மதியங்களில் நீ எங்கேயோ படம் எடுக்கப் போயிருக்கிறாய், இதோ வண்டிச் சத்தம் கேட்கும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. இருக்கட்டும், உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும்.

வீடியோ தடங்காமல் ஓட கம்ப்யூட்டருக்கு நீ ஆர்டர் போட்ட கிராபிக்ஸ் கார்டு, உன் காரியம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரிக்க மனமில்லாமல் அலமாரியில் வைத்திருந்தேன். ஆனால் வெள்ளிமலையில் நீ கடைசியாக எடுத்த கல்யாண வீடியோ, பழைய கம்ப்யூட்டரில் திக்கித் திணறி நின்றுவிடுகிறது. பெண் வீட்டார் மலையிலிருந்து போன் செய்து அவசரமில்லைங்க என்று சொல்லும்போதுதான் அவசரம் தெரிகிறது.

நம் வீட்டில் எந்தப் புதுச் சாமானும் பொட்டு வைக்காமல் கரண்ட்டைப் பார்த்ததில்லை. அண்ணிதான் வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். புருஷனை இழந்தவள் கை முதலில் படலாமா என்று பெரியம்மா எல்லோருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தார். அண்ணி தயங்கித் தயங்கிச் சந்தனம் குழைத்து, கார்டின் நாலு மூலையிலும் வைத்து, மேலே குங்குமம் இட்டார்.

கார்டைச் செருகி ஸ்விட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. கேபிளை மாற்றினேன், ஒயரை அழுத்திப் பார்த்தேன், ராம் மெமரியைக் கழற்றி மாட்டினேன். கள்ளக்குறிச்சி ரிப்பேர் கடைக்காரர் போனிலேயே, கார்டு செத்து வந்திருக்கும், திருப்பி அனுப்புங்க என்றார். பெரியம்மா அண்ணியின் கையையே பார்த்தார். வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன்.

அண்ணி குங்குமச் சிமிழை மூடினார். "என் கை பட்டதாலதான் இப்டி ஆயிப்போச்சு செல்வி. இனிமே என்ன எதுக்கும் கூப்புடாத" என்றார். அண்ணா, அந்த நிமிஷம் எனக்கு வீடியோ மறந்துபோனது. இந்தத் திரை வெளிச்சம் காட்டாவிட்டால் அண்ணி இனி எந்த நல்ல காரியத்திலும் முன்னால் வந்து நிற்க மாட்டார் என்று பயந்தேன்.

கார்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில், போர்டுக்குள் இறங்கும் தங்க நிறப் பற்களின் மேல் சந்தனம் காய்ந்து, கரண்ட் போக வழியில்லாமல் ஒட்டியிருந்தது. நாலு மூலை என்றால் அதுவும் ஒரு மூலைதானே! அழுவதா சிரிப்பதா? உங்கள் கை வைத்த பொட்டால்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? மறைத்துவிடலாமா என்று யோசித்தேன். மறைத்தால் காலமெல்லாம் தன் ராசி என்றே நம்பிக்கொண்டிருப்பார். அதனால் காட்டிவிட்டேன்.

அண்ணி கார்டை வாங்கி அந்தச் சந்தனத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு, "உங்க அண்ணன் புது கேமரா வந்தப்ப இன்னா பண்ணாரு தெரியுமா? லென்சு மேலயே பொட்டு வெச்சுட்டாரு. அன்னிக்கி எடுத்த படத்துல பொண்ணு, மாப்ள, ஐயரு எல்லாம் செவப்பா இருந்தாங்க" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். பெரியம்மாவுக்கும் அடக்க முடியவில்லை. இதை ஏன் என்னிடம் சொல்லவேயில்லை நீ?

பென்சில் ரப்பரால் பற்களை மெல்லத் தேய்த்தேன். அண்ணியையே செருகச் சொன்னேன். திரை வெளுத்தது.

உன் வீடியோவைப் போட்டோம். வெறும் வெள்ளை. இன்னும் கோளாறுதான் என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, அது மலையின் பனிமூட்டம். திடீரென்று உன் கட்டைவிரல் பெரிதாக வந்தது. கைக்குட்டையால் லென்ஸைத் துடைத்தது. அண்ணி எழுந்து போய்த் திரையில் அந்த விரல்மேல் தன் விரலை வைத்தார்.

கல்யாண வீட்டுக்குக் கொடுக்கும் படத்தில் அந்த இடத்தை வெட்டித்தான் ஆக வேண்டும். நம்மிடம் இருப்பதில் வெட்ட மாட்டேன். இனி இந்த ஸ்டுடியோவுக்கு எது வந்தாலும் முதல் பொட்டு அண்ணியுடையதுதான். எங்கே வைப்பது என்று மட்டும் நான் கூட நின்று பார்த்துக்கொள்கிறேன்.

உனக்குப் பின்னால் பிறந்து, உன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்
தங்கச்சி செல்வி