இருபத்திரண்டாவது நிமிடத்தில் அணைந்துவிடும் லேப்டாப்

16.6.2025, திங்கள்

முதல் சுற்றில் தேறிவிட்டேன்!

பாப்பாவுக்குக் கேப்பைக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஒரு கையில் ஸ்பூன், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். ஆன்லைனில் கணக்குச் சொல்லித்தரும் நிறுவனத்தின் சீனுவாசன் சார். "உங்க எழுத்துத் தேர்வு நல்லா இருக்குங்க மேடம். சனிக்கிழமை பத்து மணிக்கு நாற்பது நிமிஷம் வகுப்பு எடுத்துக் காட்டணும். நிஜ மாணவி. மஸ்கட்ல நாலாவது படிக்கிற பொண்ணு. அதுல தேறினா வேலை உறுதி" என்றார்.

மேடம்! வெண்ணிலா வயிற்றில் வந்ததும் பள்ளிக்கூட வேலையை விட்டேன். அதற்குப் பிறகு இந்த ஒன்றரை வருடத்தில் யாரும் என்னை அப்படிக் கூப்பிடவில்லை. போனை வைத்ததும் பாப்பாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். கூழ் என் தலையிலும் அவள் மூக்கிலும்.

ஒரே தடை இந்த லேப்டாப். எம்.எஸ்சி. படிக்கும்போது அப்பா வாங்கிக் கொடுத்தது. இரண்டு மூன்று மாதமாக, போட்ட ஐந்தாவது நிமிடத்திலேயே உள்ளே ஃபேன் கத்த ஆரம்பிக்கிறது. அடிப்பக்கம் தோசைக்கல். பிறகு பட்டென்று தானாக அணைந்துவிடுகிறது. இன்று கடிகாரம் வைத்துப் பார்த்தேன் — இருபத்திரண்டு நிமிடம். கறுத்த திரையில் என் முகம், வாயைத் திறந்தபடி.

கூடத்திலிருந்து அத்தை கேட்டார்: "இன்னாமே அது, நெல்லு மிஷினு ஓட்டிக்கினு கீற உள்ள?"

22 நிமிடம். எனக்கு வேண்டியது 40.

17.6.2025, செவ்வாய்

இரண்டு சொம்பைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப்பை வைத்து, பக்கத்தில் டேபிள் ஃபேன் போட்டேன். 24 நிமிடம்.

இவர் கடையிலிருந்து வந்ததும் காட்டினேன். பைக் உதிரி பாகம் விற்கிறவர், எல்லாவற்றையும் பைக்காகத்தான் பார்ப்பார். காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இன்ஜின்ல காத்து போறதுக்கு வழி இல்ல சங்கவி. சர்வீஸ் வுடணும்" என்றார்.

"யார்கிட்ட?"

"அதான் தெரியல" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

18.6.2025, புதன்

இன்று சீனுவாசன் சார் ஒலிச் சோதனைக்கு இணைப்பில் வந்தார். பத்தே நிமிடம்தான். பின்னக் கணக்கை எப்படி ஆரம்பிப்பேன் என்று சொல்லத் தொடங்கினேன், குறுக்கிட்டார்.

"மேடம், நீங்க ஃபேக்டரி பக்கத்துல இருக்கீங்களா?"

"இல்லைங்க சார், விழுப்புரம்தான்... வீடுதான் சார்."

"உங்க குரலே எனக்குக் கேக்கலைங்க. பாவம் சின்னப் பொண்ணு, அவளுக்கு எப்படிக் கேக்கும்? சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணிடுங்க. இல்லன்னா அடுத்த தேர்வு ஜனவரிலதான்."

ஜனவரி! அதற்குள் எனக்குக் கூட்டல் கழித்தலே மறந்துவிடும்.

எப்படித் தயார் செய்தேன் இதற்கு! எனக்குக் கிடைப்பது ஒரு நாளைக்கு ஒரே ஒரு மணி நேரம். பதினோரு மணிக்கு அத்தை பாப்பாவைக் குளிப்பாட்டி, துடைத்து, பவுடர் போட்டு, சாம்பிராணி காட்டித் தூங்க வைப்பார். அந்த ஒரு மணி நேரம் அதே அறையின் மூலையில், கதவைச் சாத்திக்கொண்டு (பாப்பாவுக்குக் காற்று படக்கூடாதாம்), பயிற்சி வீடியோக்களைப் பார்ப்பேன், அணைந்தால் ஆறவிட்டு மறுபடி போட்டு. நான்கு மாதம் விடாமல் பார்த்திருக்கிறேன். எல்லாம் இந்த இரைச்சலில் போகுமா?

அழவில்லை. கலையரசிக்குப் போன் போட்டேன். கல்லூரியில் என்னோடு விடுதியில் இருந்தவள், பி.சி.ஏ. படித்தவள், இப்போது திண்டிவனத்தில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். "வெள்ளிக்கிழமை காத்தாலயே எட்த்துக்கினு வந்துடு. அது இன்னா பேஜாருன்னு நான் பாத்துக்கறேன்" என்றாள். அவளைப் பார்த்தே மூன்று வருடம்!

19.6.2025, வியாழன்

பாப்பாவுக்கு மறுபடியும் நெஞ்சில் கர்ர் கர்ர். இது மூன்றாவது தடவை. மாலை குழந்தை டாக்டரிடம் போனோம். நெஞ்சில் ஸ்டெத்தாஸ்கோப் வைத்துக் கேட்டவர், "வீட்டுல புகை ஏதாவது உண்டாம்மா?" என்றார்.

"இல்லைங்க சார். இவர் சிகரெட் பிடிக்க மாட்டார். கேஸ் அடுப்புதான்."

"தூசி?"

"தினமும் துடைக்கிறேன் சார்."

மருந்து எழுதிக் கொடுத்தார். வேறு காரணம் தெரியாவிட்டால் பரிசோதனை செய்யலாம் என்றார். என்ன பரிசோதனை? கேட்க மறந்துவிட்டேன். எதற்கு மறந்தேன்? மனசு பூராவும் லேப்டாப். நான் என்ன அம்மா?

இதை எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்துபோய் அவள் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். ஏறி இறங்குகிறது.

20.6.2025, வெள்ளி

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பாப்பாவை அத்தையிடம் விட்டுவிட்டு எட்டு மணி பஸ் ஏறினேன். ஒன்பதே காலுக்குத் திண்டிவனம். கலையரசி கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் ஒரே அறை. முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். கட்டிப்பிடித்துக்கொண்டோம். முன்னால் இரண்டு வேலை இருந்தன. அதை முடித்துவிட்டு என்னுடையதை எடுக்கும்போது பத்தரை தாண்டிவிட்டது. கவிழ்த்துப் போட்டு, திருகுகளைக் கழற்றி, மூடியைத் தூக்கினாள்.

தூக்கியவள் அப்படியே நின்றாள்.

"ஏய் சங்கவி. இதுக்குள்ள இன்னாடி வெச்சிருக்க, தலகாணி பஞ்சா?"

ஃபேனுக்கும் காற்று வெளியே போகிற சட்டத்துக்கும் நடுவில் கனமாக, சாம்பல் நிறத்தில், துணி மாதிரி ஒன்று. இடுக்கியால் பிடித்து இழுத்தாள். முழுசாக உரிந்து வந்தது. தூசி இல்லை. தூசி என்றால் உதிரும். இது பிசுபிசுவென்று ஒட்டியது. அவள் மூக்கருகே கொண்டுபோனாள்.

"சாம்பிராணி வாசன வருது. லேப்டாப்புக்கும் பொக போட்டுத்தான் தூங்க வெப்பியா நீ?"

நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். "அடிப்பாவி, பாப்பாவுக்குக் காட்டுறப்போ நான் அதே ரூம்லதான்டி உக்காந்திருப்பேன்" என்றேன். "பவுடரும் போடுவாங்க, அதுவும் சேந்திருக்கும்."

"சேந்திருக்கும் இல்ல, சேந்துதான் கீது. பவுடரு பறக்குது, சாம்பிராணி பிசினு மாதிரி அத்த புட்ச்சி ஒட்டுது. இது உள்ள காத்து இழுத்துக்கினே இருக்கும் இல்ல? நாலு மாசமா இதயேதான் இழுத்துக்கினு இருந்திருக்குது."

இழுத்துக்கொண்டே இருக்கும்.

அப்போதுதான் சிரிப்பு நின்றது. அதே அறை. அதே சாத்திய கதவு. அதே காற்று. இழுத்துக்கொண்டிருந்தது இது மட்டுமா? டாக்டர் புகை உண்டா என்று கேட்டாரே, நான் இல்லைன்னு சொன்னேனே! சாம்பிராணி புகைன்னே எனக்குத் தோணலையே. அது சாம்பிராணி, அவ்வளவுதான். புகைன்னா பீடி, சிகரெட், குப்பை எரிக்கிறது. எம்.எஸ்சி. படிச்ச மண்டை இது!

மணி பார்த்தேன். பத்து ஐம்பது. பதினோரு மணிக்குக் குளிப்பாட்டுவார். அத்தைக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? கையில் பாப்பா. ஐந்து தடவை போட்டேன். ஆறாவது தடவை இவருக்கு. "ஜல்தி வீட்டுக்குப் போங்க, புகை போட வேணாம்னு சொல்லுங்க!" "யாரு? எங்க புகை? தீ புட்ச்சிக்கிச்சா?" என்று கத்தினார். நான் அழுதுகொண்டே கத்தினேன், கலையரசி போனைப் பிடுங்கிப் பொறுமையாகச் சொன்னாள்.

அவள் சுத்தம் செய்து, உள்ளே சூட்டைக் கடத்துவதற்கு வைக்கிற, இப்போது காய்ந்துபோன பசையைச் சுரண்டி, புதுப் பசை வைத்து மூட ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் முழுக்க நின்றுகொண்டே இருந்தேன். மூடிப் போட்டுக் காட்டினாள். ஃபேன் சுற்றுகிறதா என்று சந்தேகம் வந்தது — அத்தனை அமைதி. துள்ளிக் குதிக்க வேண்டியவள் நான். "அந்தப் பஞ்சைக் குடு" என்று வாங்கி, செய்தித்தாளில் மடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் இவருக்கும் அத்தைக்கும் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. இவர் வருவதற்குள் புகை போட்டாகிவிட்டது. நான் காகிதத்தைப் பிரித்து வைத்தேன். "அத்தை, இதுதாங்க பாப்பா நெஞ்சுக்குள்ளயும் போவுது" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பொறுமையாகச் சொல்லியிருக்கலாம்.

"மூணு புள்ள பெத்தேன். மூணுத்துக்கும் இதே கையாலதான் பொக காட்டுனேன்" என்றார். "இதோ, நின்னுக்கினு கத்துறானே, இவனுக்கும்தான். எவன் நெஞ்சு அடச்சிக்கினு கெடந்தான்? நான் பாப்பாக்கு வெஷம் வெச்சனா சங்கவி? சொல்லு."

"அப்படிச் சொல்லலைங்க அத்தை."

"வேற எப்டி சொன்ன?"

அத்தை அந்தப் பஞ்சைத் தொட்டார். விரலில் வைத்துத் தேய்த்தார். மோந்து பார்த்தார். பிறகு எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். சாப்பிடவில்லை. நானும்தான்.

நாளைக்கு வகுப்பு.

21.6.2025, சனி

பத்துக்குத் தொடங்கியது. அத்தை காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துகொண்டார். சீனுவாசன் சார் ஒரு சின்னக் கட்டத்தில். இன்னொரு கட்டத்தில் இரட்டை ஜடை போட்ட ஒரு குட்டிப் பெண், சகானா. குரல் எறும்பு மாதிரி. இந்த அமைதி இல்லாவிட்டால் ஒரு சொல்கூட எனக்குக் கேட்டிருக்காது!

ஆனால் ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. ஃபேன் சத்தம் நின்றால் மற்ற சத்தமெல்லாம் உள்ளே வரும்! எங்கள் தெரு முழுக்க மஸ்கட்டுக்குப் போனது. பீட்சா படத்தை வெட்டி வைத்துப் பின்னத்தை ஆரம்பித்தேன், வாசலில் "கோலமாவேய்... படி இருவது ரூவா..." என்று ஒரு நீளக் குரல். போச்சு. சார் குனிந்து எதையோ எழுதினார்.

சகானா சிரித்துவிட்டாள். "டீச்சர், யார் பாடுறாங்க? படின்னா என்ன?"

பீட்சாவைத் தூக்கிப் போட்டேன். யோசிக்கவில்லை. கதவைத் திறந்து, "அத்தை, படியும் ஆழாக்கும் வேணுங்க! அரிசியோட!" என்றேன். நேற்றைய சண்டை ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அத்தை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கொண்டுவந்து, மேசைமேல் வைத்து, தானே அளக்க ஆரம்பித்துவிட்டார். திரையில் அவர் கை மட்டும் தெரிகிறது. ஒண்ணு. ரெண்டு. மூணு. எட்டாவது ஆழாக்கில் படி நிறைந்து கோபுரமானது.

"அப்போ ஒரு ஆழாக்கு, படியில எவ்வளவு?"

"எட்டுல ஒண்ணு!" எறும்புக் குரல் எங்கே போனதோ!

"நாலு ஆழாக்கு?"

"எட்டுல நாலு... பாதி! டீச்சர், பாதி! அது யார் கை டீச்சர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை குனிந்து முகத்தைக் காட்டினார். "நான் டீச்சரோட மாமியாரு. சாப்ட்டியா நீ?"

மணியை ஒருமுறை பார்த்தேன். பத்து முப்பத்தொன்று. இருபத்திரண்டு எப்போது போனது என்றே தெரியவில்லை. லேப்டாப்பின் அடியில் கை வைத்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

சார் முடிவில் சொன்னது ஒரே வரி: "தெரிவிக்கிறோம் மேடம்." அந்தக் கோலமாவைப் பற்றி என்ன எழுதினாரோ.

பதினோரு மணிக்கு அத்தை பாப்பாவைக் குளிப்பாட்டினார். பிறகு மாடிக்குத் தூக்கிப் போய், வெயிலில் உட்கார்ந்து, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். எத்தனை நேரம்! சாம்பிராணி டப்பா அலமாரியிலேயே இருந்தது.

23.6.2025, திங்கள்

போன் இல்லை. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டேன்.

24.6.2025, செவ்வாய்

கிடைத்துவிட்டது கிடைத்துவிட்டது கிடைத்துவிட்டது!!!

"சகானா அம்மா எங்களைக் கேட்டாங்க, அந்தப் படி டீச்சரே வேணுமாம்" என்றார் சீனுவாசன் சார். ஜூலை ஏழாம் தேதியிலிருந்து. நான்கு மாணவர்கள்.

கலையரசிக்குச் சொன்னேன். "மொத வகுப்புக்கு முன்னாடி இன்னொரு தபா கொண்டாந்து காட்டு. வேற எதுனா போட்டு தாளிச்சி வெச்சிருப்ப" என்கிறாள். இவர் ஜாங்கிரி வாங்கி வந்தார். அத்தை ஒன்றை எடுத்து என் வாயில் திணித்துவிட்டு, "அந்த பொண்ணு சாப்ட்டுச்சான்னு நான் கேட்டதுக்கு பதிலே சொல்லலியே" என்றார்.

26.6.2025, வியாழன்

டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். "சார், அன்னைக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன், வீட்டுல தினமும் சாம்பிராணி போடுவோம்" என்று. திட்டுவார் என்று நினைத்தேன். "பத்துல எட்டுப் பேரு அதைப் புகைன்னு சொல்றதே இல்லைம்மா" என்றார், சீட்டில் எழுதிக்கொண்டே. நெஞ்சில் வைத்துக் கேட்டார். கொஞ்சம் இருக்கிறது, குறைந்திருக்கிறது என்றார். பரிசோதனை இப்போதைக்கு வேண்டாம்.

கூட வந்திருந்த அத்தை வெளியே வந்ததும் கேட்டார்: "நான்தான் போட்டேன்னு சொன்னியா?"

"இல்லைங்க அத்தை. போடுவோம்னுதான் சொன்னேன்."

ஷேர் ஆட்டோவில் பாப்பாவைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

12.7.2025, சனி

முதல் வாரம் முடிந்தது. ஒரு பையன் கால் என்றால் பாதியில் பாதி என்று தானாகவே கண்டுபிடித்தான். நான் நாற்காலியிலிருந்து எழுந்து கை தட்டினேன்.

இரவு சாப்பிடும்போது, பாப்பாவை என் அம்மாவிடம் காட்டி ரொம்ப நாளாகிறது, செவ்வாய்க்கிழமை ஊருக்குப் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரட்டுமா என்று அத்தையைக் கேட்டேன்.

அத்தை ரசத்தை ஊற்றிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "செவ்வா எப்டி போவ? சாங்காலம் ஆறு மணிக்கு மேல உனுக்கு ரெண்டு கிளாசு கீதே. வெள்ளிக்கிழமதான் உனுக்கு லீவு. அன்னிக்கி போ" என்றார்.

ஆமாம். மறந்தே போய்விட்டேன்.