சாம்பசிவன் சார் செய்த போணி

அன்பு மகன் குணாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே என் வலது முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம். நீயும் சரிதாவும் பேத்தி ஸ்நேகாவும் அந்தக் கனடா குளிரில் சளி பிடிக்காமல் இருக்க கங்கையம்மனை வேண்டிக்கொண்டே இருக்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நம் அபார்ட்மெண்டில் நான் பேசினால் மேல்மாடி வரைக்கும் கேட்கிறது, இது இந்தக் கட்டடத்தில் யாருக்கும் கேட்கக் கூடாத சங்கதி, அதனால்தான் தபால்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் இருந்தவர்கள் யார் யார் என்றால், சிறுசேரி கம்பெனிக்குப் போகிற மேல்வீட்டு ஓவியா, அசோசியேஷன் செக்ரட்டரி சாம்பசிவன் சார், ரிட்டையர் ஆன தபீதாள் டீச்சர், வாட்ச்மேன் லோகு, உன் கல்யாணப் பந்தியில் என் இலைக்குப் பாயசம் விடாமல் தாண்டிப்போன உன் சித்தி கோகிலவாணி, நான், நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்த மீன்கார அங்காளம்மா. பக்கத்தில் இருப்பவர் யார் என்றே தெரியாமல் வாழ்கிறோம் என்று ஓவியா மாதம் ஒருவரைக் கூப்பிட்டுப் பேச வைக்கிறாள். போன மாதம் டீச்சர் பேசினார், நான் தூங்கிவிட்டேன். இந்த மாதம் அங்காளம்மா. நம் நிலத்தைக் கொடுத்து இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கேட் ஓரத்தில் அவளுடைய முதல் வியாபாரம் என் கையால்தான். நான் போணி பண்ணாமல் வேறு யாருக்கும் ஒரு நெத்திலிகூடக் கொடுக்க மாட்டாள், அது உனக்கும் தெரியும்.

அவள் பேச்சை நீ கேட்டிருக்க வேண்டும். "கூடையப் பாத்ததும் மூக்கப் புட்சிகினு பஸ்ல ஏத்தல, ஷேர் ஆட்டோலயும் ஏத்தல, அதான் பேரன் பொறந்தப்புறம் வண்டி ஓட்டக் கத்துகினேன், சாக்கடைல வுழுந்து வுழுந்து எந்திரிச்சேன், இப்ப அதே ஆட்டோக்காரனுக்கு ஹாரன் அட்ச்சிகினு போறேன்" என்றாள். கோவளத்தில் அவர்கள் குப்பத்துப் பெண்களுக்கும் இவள்தான் கற்றுக்கொடுத்தாளாம், "வுழுறதுக்கும் சேர்த்துதான்" என்று சிரித்தாள். லோகு விசில் அடித்தான். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாம்பசிவன் சாரும் கை தட்டினார். தட்டிய கையோடு எழுந்து, "ரொம்ப இன்ஸ்பைரிங்கா இருந்ததும்மா, ஆனா ஸ்மெல் வருதுன்னு கம்ப்ளெய்ண்ட், செவ்வாய்க்கிழமை உங்க இடத்துல பூந்தொட்டி வெக்கறோம், நாளைக்கு ஒரு நாள் உக்காந்துக்கங்க" என்றார். அங்காளம்மா முகம் செத்துப்போனது. "நான் எங்க சார் போவேன், எல்லா வாசல்லயும் வேற மீன்காரி ஒருத்தி எடம் புட்சி உக்காந்துகினு இருக்கா" என்றாள். கை தட்டியவர்கள் எல்லாம் மாடிப்படிப் பக்கம் நகர்ந்தார்கள்.

நான்தான் வாயைத் திறந்தேன். நம் கட்டடத்துக்கு போர் போட்டபோது தேங்காய் உடைத்தது சார்தான், அவர் கை ராசியில்தான் தண்ணீர் வந்தது, கடைசி நாள் போணியும் அந்தக் கையாலேயே ஆகட்டும் என்றேன். முட்டைகூடத் தொடாத மனிதர், ஆனால் ராசி என்றதும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "ஒரு நாள்தானே" என்று ஒத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் மூக்கில் கைக்குட்டை, இரண்டு விரலில் பை, லோகுவுக்காகக் காரப்பொடி மீன் வாங்கினார். அவர் கை எடுத்ததுதான் தாமதம், நம் கீழ்க்கட்டளை ஊர் ஜனமே வந்து மொய்த்துவிட்டது. முந்தின நாள் ராத்திரி நம் சொந்தக்காரர்களில் ஒருவர் விடாமல் போன் போட்டு, யார் யார் எனக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று ஞாபகப்படுத்தியிருந்தேன். பள்ளிக்கூட வேன் வருவதற்குள் கூடை காலி. சார் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மறுநாள் தொட்டிகள் வந்தன, சார் அவற்றைக் கோகிலவாணி கார் நிறுத்துகிற இடத்தில் வைக்கச் சொல்லிவிட்டார், அது எனக்குத் தனிச் சந்தோஷம். அங்காளம்மா வருவதற்கு முன்பே இப்போது சார் போணி பண்ணக் கேட்டில் நிற்கிறார். வந்து பார்த்த ஜனமும் மீன் நன்றாக இருக்கிறது என்று திரும்பத் திரும்ப வருகிறது.

வியாழக்கிழமை அவர் வரச் சற்றுத் தாமதம். சரி, பழையபடி நானே ஆரம்பித்துவைக்கலாம் என்று பையோடு போய்க் கை நீட்டினேன். "இரு கிளிம்மா, சார் வந்துடட்டும், அவரு கை பட்டாதான் ஓடுது, உன் கைல இம்மாம் வருசமா இப்டி ஒரு நாளாச்சும் ஓடிச்சா" என்றாள். எதிரில் லோகு வேறு. ஓட வைத்தது என் போன்தான் என்று சொன்னால் சாருக்குக் கை ராசி போய்விடும், அவள் இடத்தில் தொட்டி வந்து உட்கார்ந்துவிடும். வாயை மூடிக்கொண்டு வரிசையில் நின்றேன் குணா, உன் அம்மா, வரிசையில்.

வேளைக்குச் சாப்பிடு, சரிதா சமைத்ததைக் குறை சொல்லாதே, ஸ்நேகாவுக்குத் தலையில் எண்ணெய் வைக்கச் சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள், அம்மன் துணை. இந்தக் கடிதத்தைப் போட்டோ பிடித்து அசோசியேஷன் வாட்ஸப் குரூப்பில் மட்டும் போட்டுவிடாதே, சார் அதில்தான் நாள் முழுக்க இருக்கிறார்.

உன் அம்மா
கிளியம்மாள்

சாம்பசிவன் சாரை மன்னித்துவிட்டேன். கோகிலவாணியைக்கூட, அந்தத் தொட்டிகளைப் பார்க்கும்போது, பாதி மன்னித்துவிட்டேன். இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன் என்றால் அது அங்காளம்மாவைத்தான்.