பாப்பா வாசித்த கடிதங்கள்

பாப்பா அப்பாவுக்கு,

இது நானே எழுதுறது. தையல் கம்பெனியில சாப்பாட்டு நேரத்துல எழுத்து சொல்லித் தர்றாங்க. சட்டையை மடிக்கும்போது உள்ள வைக்கிற அட்டையில எழுதிப் பழகினேன்.

நேத்து உங்க பழைய கடிதங்களை எழுத்துக்கூட்டி வாசிச்சேன். இதுவரைக்கும் பாப்பாதான் வாசிச்சுக் காட்டுவா. ஒவ்வொண்ணையும் "அடுத்த மாசம் வர்றேன்"னு முடிப்பா. அந்த வரி எதுலயும் இல்லை. அங்க உங்களுக்கு மகன் பிறந்தது எனக்கு நேத்துதான் தெரியும்.

மறைச்சிட்டாளேன்னு கோபத்துல அவ பாடப் புத்தகத்தையே நீட்டி வாசிக்கச் சொன்னேன். ஏழாவது படிக்கிறா. ஒரு வரிகூட வாசிக்கத் தெரியலை. தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

இனி நான்தான் சொல்லித் தரணும். எழுத்து பிடிபட்டதும் உங்க கடிதத்தைத்தான் முதல்ல எடுப்பா. அதுக்குள்ள அவ இதுவரைக்கும் வாசிச்சுக் காட்டின மாதிரி ஒண்ணு எழுதி அனுப்புங்க.

பாப்பா அம்மா