அக்காவின் நாளைத் தின்ற நீல எழுத்து

மார்ச் 4, செவ்வாய்

கண் மருத்துவமனையின் முன்பதிவுப் பக்கத்தை வடிவமைக்கும் வேலை எனக்கு, எனக்கு மட்டும். மேலாளர் சொன்னபோது முகத்தை இயல்பாக வைத்துக்கொண்டேன். பிறகு கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தேன்.

மார்ச் 6, வியாழன்

தேதியை மாற்றுவதற்கு ஒரு ஐகான் வரைந்தேன். நாட்காட்டிக்குள் வளைந்த அம்பு. எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்கவில்லை. அக்காவுக்கு போனில் அனுப்பினேன்.

"என்னடி இது, காத்தாடியா? எழுத்துல எழுதினா விரல் தேஞ்சிடுமா?"

அவள் கண்ணில் புரை. ஊசியில் நூல் கோர்க்கக்கூடப் பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிடுகிற தையல்காரி. மூன்று மாதம் காத்திருந்து, இதே மருத்துவமனையில் ஏப்ரல் 2 ஆபரேஷனுக்கு நாள் கிடைத்திருக்கிறது. அவள் பேச்சை எடுத்துக்கொள்ள முடியுமா?

மார்ச் 7, வெள்ளி

ஆனால் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் புரைதானே இருக்கும்! சரி, எழுத்தே போடுகிறேன். படத்தில் தப்பில்லை, கண்ணில்தான் தப்பு.

அடுத்த சண்டை: அந்த எழுத்து பட்டனா, லிங்க்கா? எங்கள் புரோகிராமர் எதற்கும் 'அவசரம், அவசரம்' என்பான், அதுவே அவன் பெயராகிவிட்டது. "எதுவா இருந்தா என்ன, தொட்டா வேலை நடக்கணும்" என்றான். பட்டன் அதிகமானால் பக்கம் சந்தைக்கடை ஆகிவிடும் என்று விடாமல் வாதாடினேன். 'பதிவு செய்' மட்டும் பட்டன். 'வேறு நாள்' சின்னதாக, நீல எழுத்தில், அடிக்கோட்டோடு லிங்க். நானே ஜெயித்தேன்.

மார்ச் 17, திங்கள்

பக்கம் வெளியாகிவிட்டது! என்ன அழகு, என்ன அமைதி.

மார்ச் 19, புதன்

அக்கா போன் செய்தாள். "என் நாளைக் காணோம்டி."

இன்னும் சீக்கிரமாக ஏதாவது நாள் இருக்கிறதா என்று பார்க்கத்தான் 'வேறு நாள்' என்பதைத் தொட்டிருக்கிறாள். தொட்ட உடனே ஏப்ரல் 2 கைவிட்டுப் போய்விட்டது. அடுத்து ஜூனில்தான் இருக்கிறது. பள்ளிச் சீருடை ஆர்டர் எல்லாம் அதற்குள் வந்துவிடும், கண்ணில்லாமல் எப்படித் தைப்பாள்?

"நீல எழுத்துன்னா சும்மா போய்ப் பாத்துட்டு வர்றதுதானே? எங்கயும் அப்படித்தானே இருக்கு?"

ஆமாம். அப்படித்தான். அவசரம் தன் பங்குக்கு, தொட்டதும் பழைய நாளை விடுவிப்பதுபோல் எழுதியிருக்கிறான். நான் கேட்டேனா? நிறம் பார்த்தேன், அளவு பார்த்தேன், அந்த எழுத்து என்ன வேலை செய்யும்னு ஒரு வார்த்தை கேக்கலையே... லிங்க் என்றால் போவது, பட்டன் என்றால் செய்வது. புதுசாகச் சேருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற பாடம்.

மார்ச் 20, வியாழன்

என் தப்பு என்று மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். "எத்தனை பேர்?" பதினான்கு. பக்கத்தை நிறுத்தினோம். வரவேற்பில் இருக்கும் பெண் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு நாளைத் திருப்பிக் கொடுத்தாள். பதின்மூன்று பேருக்குக் கிடைத்துவிட்டது. அக்காவின் நாளை மட்டும் வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். அவள் காத்திருப்போர் பட்டியலில்.

மார்ச் 24, திங்கள்

திருத்திய பக்கம் தயார்! இனி 'வேறு நாட்களைப் பார்க்க' வெறும் லிங்க். எத்தனை முறை போய் வந்தாலும் பழைய நாள் அப்படியே இருக்கும். தேதியைத் தேர்ந்தெடுத்தால்தான் பட்டன் வரும், நல்ல பெரிய பட்டன்: 'ஜூன் 9-க்கு மாற்று'. அவசரம் இரண்டு தடவை படித்துவிட்டு, "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றான். சொல்லியிருக்கலாம்.

சோதனைக்கு அக்காவையே உட்கார வைத்தேன். சோதிக்கும்போது நாங்கள் வாய் திறக்கக் கூடாது, அது விதி. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். லிங்க்கில் போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். பட்டனுக்கு மேலே விரல் நின்றது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இதைத் தொட்டா மாறிடும், இல்ல?" என்று விரலை எடுத்துக்கொண்டாள். கட்டிப்பிடித்துவிட்டேன், விதியாவது மண்ணாவது.

மார்ச் 28, வெள்ளி

புதுப் பக்கம் வெளியாகி, யாரோ ஒருவர் அந்தப் பட்டனைத் தொட்டுத் தன் நாளைத் தள்ளிவைத்திருக்கிறார். ஏப்ரல் 8 காலி. பட்டியலில் முதலில் அக்கா!

ஏப்ரல் 8, செவ்வாய்

நல்லபடியாக முடிந்தது.

ஏப்ரல் 10, வியாழன்

கட்டுப் பிரித்தாயிற்று. என் மூக்கில் மச்சம் இருப்பதே இப்போதுதான் தெரிகிறதாம். ஊசியைக் கேட்டு வாங்கி, முதல் தடவையிலேயே நூலைக் கோர்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பொறுக்க முடியாமல் போனை எடுத்து அந்த ஐகானை நீட்டினேன். கிட்டே வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள்.

"நல்லா தெரியுதுடி," என்றாள். "காத்தாடி."