பதினோராவது நிலையம்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ,
2025 ஒக்டோபர் 5, ஞாயிறு.

என் அன்பு மகள் தனுஷாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். பிள்ளைக்குச் சளி விட்டுவிட்டதா? வன்கூவரில் இந்த மாதம் முழுக்க மழைதான் என்று வானொலியில் சொன்னார்கள். அவனை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு நீ மட்டும் சீனாவுக்குப் போவதுதான் சரி. அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை. வெள்ளிக்கிழமை கார் தரிப்பிடத்திலிருந்து முருகன் கோயில் வாசல் வரைக்கும் தடியில்லாமல் நடந்தாள்.

வென்லி உனக்கு அனுப்பிய தாளின் படத்தை நீ எனக்கு அனுப்பி மூன்று நாளாகிறது. விமான நிலையத்திலிருந்து குவாங்சோ நகரத்துக்குள் எப்படி வருவதென்று உன் அண்ணி இலக்கமிட்டு எழுதிய தாள். "அப்பா, இதில சிவப்பு மையால ஆர் திருத்தியிருக்கிறது? உங்கட எழுத்து மாதிரிக் கிடக்கு" என்று கேட்டிருந்தாய். நான் பதில் போடவில்லை. தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் நீ பாதியில் அழுவாய், நான் அதைச் சாட்டாக வைத்து நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

ஓம் பிள்ளை, அது என்னுடைய எழுத்துத்தான்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணா லக்ஷனின் ஆண்டு நினைவுக்கு நீ போய்ச் சேரவேண்டும், அதுதான் முக்கியம். சென்ற வருடம் அந்தத் தாளை அவள் எனக்காகத்தான் எழுதி அனுப்பினாள். இப்போது கடைசி வரியில் மருத்துவமனையின் பெயரை வெட்டி வீட்டு முகவரியைப் போட்டிருக்கிறாள். மற்றதெல்லாம் அதே வழி.

உன் விமானம் காலை ஆறு மணிக்கு இறங்கும். கைரேகை எடுப்பார்கள். இயந்திரம் இரண்டு தரம் பிழை என்று சொன்னால் பயப்படாதே, விரலைத் துடைத்துவிட்டு வை. பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் "டாக்ஸி, டாக்ஸி" என்று சில பேர் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுவார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்காமல் நட. நகரும் படியில் கீழே இறங்கினால் மெட்ரோ. உள்ளே போகுமுன் பையை இயந்திரத்துக்குள் விடச் சொல்வார்கள், தண்ணீர்ப் போத்தல் இருந்தால் ஒரு மிடறு குடித்துக் காட்டச் சொல்வார்கள். கோயிலுக்குள் போகுமுன் செருப்பைக் கழற்றுவதுபோல் நினைத்துக்கொள், ஒன்றும் அவமானமில்லை. சீட்டு என்று கடதாசி தரமாட்டார்கள். கரம் காய் போல வட்டமான ஒரு பிளாஸ்டிக் வில்லை தருவார்கள். உள்ளே போகும்போது அதைக் கதவில் தொட்டுக் காட்டவேண்டும், வெளியே வரும்போது துவாரத்தில் போட்டுவிடவேண்டும். தொலைத்துவிடாதே.

மூன்றாம் இலக்கப் பாதை. ஏறும் நிலையத்தை எண்ணாதே, அதற்கடுத்ததை ஒன்று என்று வைத்து எண்ணத் தொடங்கு. இரண்டு காவ்செங், மூன்று ரென்ஹெ, நான்கு லொங்குய், ஐந்து ஜியாஹெவாங்காங். இந்த ஐந்தாவதில் சனம் இடித்துக்கொண்டு ஏறும். உதாரணத்துக்கு, காலை எட்டு மணிக்கு எங்கள் லியோனல்-குரூ நிலையத்தை நினைத்து அதை ஐந்தால் பெருக்கிப் பார். பெட்டியை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொள். பத்தாவது மெய்ஹுவாயுவான். பதினோராவது யன்டாங், அங்கே இறங்கு. முக்கால் மணிநேரம்கூட ஆகாது.

இவ்வளவுதான் வழி. ஒரு சின்னப் பிள்ளையும் போய்விடும். நான் இதற்கு ஐந்து மணிநேரம் எடுத்தேன்.

விமானம் பிந்தவில்லை, தனுஷா. ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு இறங்கியது. ஏழேகாலுக்கு நான் வெளியே வந்துவிட்டேன். விமானம் பிந்திவிட்டது என்று உனக்கும் அம்மாவுக்கும் நான் சொன்னது பொய். நீ அந்த விமான நிறுவனத்துக்கு மூன்று பக்கத்தில் ஒரு முறைப்பாடு எழுதினாய். என் அண்ணாவின் முகத்தை என் அப்பா உயிரோடு பார்க்கவிடாமல் செய்துவிட்டீர்கள் என்று எழுதினாய். அனுப்புமுன் பார்க்கச் சொல்லி எனக்குத் தந்தாய். நான் அதை வாசித்து, இரண்டு இடத்தில் வசனத்தைத் திருத்தித் தந்தேன்.

வெளியே வந்ததும் வென்லியைத் தேடினேன். தாளில் அவள் தெளிவாக எழுதியிருந்தாள், தன்னால் வரமுடியாது, அவருக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று. வாசித்தேன். ஆனால் நம்பவில்லை. எங்கள் ஆட்களில் யாராவது விமானத்தில் வந்து தானாக வீட்டுக்குப் போனதுண்டா? அயலவர் பத்திநாதரின் மச்சானின் கூட்டாளி வந்தபோதுகூட இரண்டு வாகனத்தில் போய் நின்றோம். சுடுதண்ணீர்ப் போத்தலில் கோப்பி, குளிருக்கு ஒரு மேலதிக ஜக்கெற். மாமனார் உலகத்தின் மறுபக்கத்திலிருந்து வருகிறார், மருமகள் ஒரு தாளை அனுப்புகிறாள் என்றால் அதற்கு எனக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரிந்தது. பழிவாங்குகிறாள் என்று நினைத்தேன்.

ஏன் அப்படி நினைத்தேன் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். எனக்குச் சொல்லாமல் லக்ஷனும் அவளும் பதிவுத் திருமணம் செய்து, அடுத்த கோடையில் இங்கே வந்தார்களே, அந்த நாள். வீட்டிலிருந்து டோர்வால் விமான நிலையம் பதினைந்து நிமிடம். பத்திநாதர் வானை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அம்மா சேலை மாற்றிவிட்டாள். நான் வாசலுக்குப் போய் வானை நிறுத்தச் சொன்னேன். "மாஸ்டர், பெடியன் பார்த்துக்கொண்டு நிப்பான்" என்றார் அவர். "747 பஸ் இருக்குத்தானே, நகரத்துக்கு விடும். அங்க ஹோட்டல்களும் இருக்கு" என்றேன். அதையே லக்ஷனுக்கும் தொலைபேசியில் சொன்னேன். இரண்டு பேரும் நான்கு பெட்டியோடு அந்த பஸ்ஸில் போனார்கள். அம்மா இன்றுவரை அதை விடவில்லை. போன வாரம் யாரையோ ஏற்றிவரக் கார்த் திறப்பை எடுத்தேன், "ஊர் ஆக்களை எல்லாம் ஏத்தப் போவியள், பெத்த பிள்ளைக்கு மட்டும் பஸ்ஸோ?" என்றாள்.

ஆகவே குவாங்சோவில் வருகை வாசலுக்கு எதிரே ஒரு இருக்கையில் உட்கார்ந்தேன். கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டிருந்தேன். விமானத்தில் அணைத்த போனைத் திரும்பப் போடவில்லை. போட்டால் அவள் அழைப்பாள், வழி சொல்வாள், நான் போகவேண்டி வரும். அவள் தேடி வரட்டும் என்று இருந்தேன். பிந்திவிட்டேன் மாமா என்று அவள் ஓடிவருவாள், நான் பெருந்தன்மையாகப் பரவாயில்லை என்று சொல்வேன். அந்தப் பரவாயில்லையை மனதுக்குள் பல தரம் சொல்லிப் பார்த்தேன்.

பொழுது போகவில்லை. சட்டைப்பையில் சிவப்புப் பேனா இருந்தது. அவளுடைய தாளை எடுத்து ஆங்கிலத்தைத் திருத்தத் தொடங்கினேன். நாற்பது வருட ஆசிரியப் பழக்கம், கை தானாகப் போகும். காற்புள்ளி போட்டேன், விடுபட்ட சொற்களைச் சேர்த்தேன். கடைசியில் தயவுசெய்து விரைவாக வாருங்கள், எங்கேயும் நிற்காதீர்கள் என்ற வரியும் இருந்தது. அதிலும் ஒரு பிழை இருந்தது. அதையும் திருத்தினேன்.

பதினொன்றேகாலுக்கு எழுந்தேன். மனம் இளகியதால் எழுந்தேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. பசித்தது, அதனால்தான் எழுந்தேன்.

லக்ஷன் பத்து மணி ஐம்பதுக்குப் போய்விட்டான்.

நான் மருத்துவமனை மாடிக்குப் போனபோது கட்டில் காலியாக இருந்தது, விரிப்பைக்கூட மாற்றிவிட்டார்கள். வென்லி நடைபாதையில் நின்றாள். அழவில்லை. தன் போனில் சீனத்தில் பேசிவிட்டு அதை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். போனுக்குள்ளிருந்து இந்தியத் தமிழில் ஒரு பெண் செய்தி வாசிப்பதுபோலச் சொன்னாள். விமானம் இறங்கியதை நான் போனில் பார்த்தேன், அவர் உங்களைக் கேட்டார், நீங்கள் ரயிலில் ஏறிவிட்டீர்கள் என்று சொன்னேன். அவருக்கு எல்லா நிலையமும் மனப்பாடம். இப்போது எது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ரென்ஹெ என்றேன், லொங்குய் என்றேன். மெதுவாகச் சொன்னேன், உங்களுக்கு நேரம் கிடைக்கட்டும் என்று. யன்டாங் வந்தது. படி ஏறுகிறார் என்றேன். மின்தூக்கியில் கூட்டம் என்றேன். அதன் பிறகு என்னிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

அத்தோடு போனைப் பையில் போட்டாள். மிச்சத்தைத் தானே ஆங்கிலத்தில் சொன்னாள். அவன் சிரித்தானாம். "அப்பா 747 பஸ்ஸில ஏறியிட்டார் போல" என்றானாம். அந்த பஸ் என்னவென்று யாரும் அவளுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அதுதான் அவன் கடைசியாகப் பேசியது.

என் கையில் அந்தத் தாள் இருந்தது. வாங்கிப் பார்த்தாள். சிவப்பு மையை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாக வாசித்தாள், நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். ஒரு வருடம் பத்திரமாக வைத்திருந்து இப்போது உனக்கு அனுப்பியிருக்கிறாள். புதிய தாள் எழுத அவளுக்கு ஐந்து நிமிடம் போதும். தங்கை வரலாம், ஆசிரியர் வரவேண்டாம் என்று உனக்கு எழுதினாளே, அதன் விளக்கமும் அந்தத் தாள்தான். கோபிக்காதே, அவள் சொன்னது நியாயம்.

உன்னைப் பற்றி ஒன்று. "அண்ணாவுக்குக் கொஞ்சம் கடுமை" என்று மட்டும் எனக்குச் சொன்னதற்காக நீ உன்னையே வதைத்துக்கொள்கிறாய். உனக்கு அப்போது எட்டாம் மாதம், அம்மாவுக்குக் காலில் கட்டு, எனக்கு இதயம். பயணம் போகிறவனிடம் எங்கள் வீடுகளில் அவ்வளவுதான் சொல்வோம். ஆனால் ஒன்றை யோசி. உண்மை முழுவதும் தெரிந்திருந்தால் ஓடியிருப்பேன், அது சரி. கொஞ்சம் கடுமை என்றால் மட்டும் ஒரு தகப்பன் வாசலில் உட்கார்ந்திருக்கலாமா? பிழை அந்தச் சொல்லில் இல்லை. அதை இன்றோடு இறக்கி வை.

இந்தக் கடிதத்தை நாளை தபாலில் போட்டுவிட்டு வந்து அம்மாவிடமும் சொல்லப்போகிறேன். பிறகு என்னோடு கதைப்பதா விடுவதா என்பது உங்கள் இரண்டு பேருடைய விருப்பம். நான் கேட்கமாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். விமான நிலையத்துக்கு வரவில்லை என்று வென்லி எழுதியிருக்கிறாள். ஆனாலும் வெளியே வந்ததும் இடப்பக்கம் ஒரு தரம், வலப்பக்கம் ஒரு தரம் பார். அவள் நின்றால் அவள் கையைப் பிடித்துக்கொள். இல்லாவிட்டால் உடனே இறங்கி நட, எங்கேயும் உட்காராதே. ரயிலில் ஏறியதும் எனக்கு எழுது. பிறகு ஒவ்வொரு நிலையத்திலும் அதன் பெயரை மட்டும் எழுது, வேறொன்றும் வேண்டாம். உனக்குக் காலை என்றால் எங்களுக்கு மாலை. போனைத் திறந்து மேசையில் வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருப்பேன். கோபத்தில் ஒன்றிரண்டை விட்டுவிடாதே, மகள். யன்டாங்கில் படி ஏறி மேலே வந்ததும், வந்திட்டன் என்று ஒரு சொல். அதை எனக்கு எழுதுமுன் அங்கே நின்று அண்ணாவுக்கு ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிவிடு.

நீ நிற்காமல் போய்ச் சேர முருகன் துணையிருக்கட்டும்.

உன் அப்பா,
தியாகலிங்கம்