பிரியாவின் ஜெர்பிலும் என் அருகம்புல்லும்

9 ஜூலை, புதன்
மருமகள் பிரியா ஈப்போவுக்குப் போய்விட்டாள். அவள் அம்மாவுக்கு ஆபரேஷன். அவள் வளர்க்கும் ஜெர்பில் இப்போது என் பொறுப்பு. வாலில் குஞ்சம் வைத்த எலி. பாலைவனத்துப் பிராணியாம், விதை போட்டால் போதுமாம், தண்ணீர்கூட அதிகம் குடிக்காதாம். கல்யாணமாகி அவள் கூண்டோடு வந்த அன்றே, வீட்டுக்குள் எலியா என்று முகம் சுளித்தவள் நான். அதை மறந்திருக்க மாட்டாள்.

11 ஜூலை, வெள்ளி
பிரிக்பீல்ட்ஸ் கடையில் பிள்ளையாருக்கு அருகம்புல் வாங்கினேன். மிச்சத்தைக் கூண்டில் போட்டேன். அவருடைய வாகனம்தானே. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தின்றது. இதையா இத்தனை நாள் வெறுத்தேன்?

14 ஜூலை
எங்கள் செந்தூல் வட்டாரமே கொதிக்கிறது. ஜெர்பில் சுருண்டு கிடக்கிறது. உடம்புச் சூடுதான். அருகம்புல்லை அரைத்துச் சாறு வைத்தேன். நானும் ஒரு டம்ளர் குடித்தேன்.

15 ஜூலை
ஜெர்பிலுக்கு வயிற்றுப்போக்கு. சூடு இன்னும் இறங்கவில்லை போல. மறுபடியும் சாறு கொடுத்தேன்.

16 ஜூலை
போய்விட்டது. கிளினிக்குக்குக் கொண்டுபோகும் வழியிலேயே.
சாறுதான் காரணமாக இருக்கும் என்றார் டாக்டர். எனக்குப் புல்லும் இதுவும் ஒரே இனமாகத் தெரிந்தன: வெயிலைத் தாங்கும், தண்ணீர் கேட்காது. ஆனால் புல் வெள்ளத்தில் கிடந்தாலும் தழைக்கும். இதன் வயிற்றுக்கு அவ்வளவு ஈரமே ஆகாதாம்.
வேணும்னே பண்ணிட்டேன்னு பிரியா நினைப்பாளோ? அவ எடத்துல நான் இருந்தா அப்படித்தான நினைப்பேன்—

17 ஜூலை
போனில் சொன்னேன். வெயில் தாங்கவில்லை என்று. அழுதாள். பிறகு என்னையே தேற்றினாள். "நீங்க நல்லாத்தான் பாத்திருப்பீங்க அத்தை. அழாதீங்க லா."


20 ஜூலை, ஞாயிறு
வந்தாள். காலிக் கூண்டைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், போனில் சொன்ன பொய்யையும் சேர்த்து.
"நீங்க வேணும்னு செய்யல, தெரியும். ஆனா ஒரு வார்த்தை போன்ல கேட்டிருக்கலாம்ல? கொஞ்ச நாளைக்கு என் சாமான் எதையும் தொடாதீங்க அத்தை."
சரி என்றேன்.

27 ஜூலை
அவள் தட்டை அவளே கழுவுகிறாள்.

5 ஆகஸ்ட்
காலையில் வேலைக்குக் கிளம்பியவள் வாசலில் நின்று, "பால்கனில என் துணி காயுது அத்தை. மழை வந்தா எடுத்துருங்க" என்றாள்.
துணிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.