சுண்ணாம்புப் பொட்டு வைத்த சுரைக்காய்

வேலியோரம் சுரைப்பூ விரிந்திருக்கிறது. பொழுது சாய்ந்தால்தான் விரியும் வெள்ளைப் பூ. பார்த்ததும் உன் நினைப்பு வந்துவிட்டது அக்கா. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள்.

நாம் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கு நீ மூத்த மருமகள், நான் இளையவள். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். அயனம்பாக்கம் ஏரியில் ஆம்பிளைகள் காய்ந்த சுரைக்குடுக்கையை மிதவையாக இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்துவார்கள். நாமோ முழங்கால் தண்ணீரில் துணி அலசுவோம். ஒருநாள் என் வீட்டுக்காரரிடம் நீ குடுக்கையைக் கேட்டாய்.

"நீந்திகினு போய் இன்னா அண்ணி, மீனா புடிக்கப் போற?" என்று சிரித்தார்.

"உன்து உனுக்கே இருக்கட்டும். எனக்கு நானே மொளைக்க வெச்சுக்கிறேன்."

சொன்னபடி விதையைச் சாணிப்பாலில் ஊறவைத்துப் புழக்கடையில் ஊன்றினாய். கொடி கூரை ஏறியது. பிஞ்சுகளை மாமியார் குழம்புக்கு அறுத்துக்கொண்டே வந்தார். இறால் போட்டு வைப்பார். அந்த ருசியைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. கடைசியில் மிஞ்சியது ஒரே காய். அதற்குச் சுண்ணாம்புப் பொட்டு வைத்தாய். விதைக்கு விட்டது, யாரும் அறுக்கக் கூடாது என்று அர்த்தம்.

"வெதைக்கா வுட்ட? நீந்தறதுக்கு வுட்டுகீற. நாளைக்கு அறுக்கறேன் பாரு" என்று மாமியார் தினமும் மிரட்டினார். நீ கூரையைப் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பாய்.

அப்போது பாடி ஊரிலிருந்து மாமியாரின் தம்பி வந்தார். வழியெல்லாம் வண்டிமாட்டைத் திட்டிக்கொண்டு வருகிறவர். மாடும் அவருக்கு ஏற்ற மாடு, படுத்தால் எழுந்திருக்காது. அது கிடக்கட்டும். வந்தவர் கூரையைப் பார்த்து, "எம்மாம் பெருசு கீது!" என்று விரலை நீட்டினார். விரல் நீட்டினால் காய் அழுகிவிடும் என்று நம் பக்கத்தில் பயம். நீ பதறி எழுவதற்குள் தம்பியின் கையில் பட்டென்று ஒரு அடி விழுந்தது. அடித்தது மாமியார்!

"வெரல மடக்கிக் காட்டுடா! எம் மருமவ ஏரில நீந்தறதுக்கு வளக்கறா."

"பொம்பளயா நீந்தறது?"

"ஏன், தண்ணி உன்னியக் கேட்டுகினா தூக்குது?"

குலுக்கினால் விதை கலகலக்கும் வரை அந்தக் காய் கொடியிலேயே காய்ந்தது. நீ அதை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கி, நிறைந்த தண்ணீர் வழிந்தோடும் கலங்கல் வரை போய்த் திரும்பினாய். துணி அலச வந்தவர்களையெல்லாம் மாமியார் கரையில் நின்று கூப்பிட்டார்: "வாங்கடி, எம் மருமவளப் பாருங்கடி!"

மறுநாள் அதே குடுக்கையை எனக்குக் கட்டினாய். "காலு தரையைத் தேடுது பாரு. வுட்டுடு. தண்ணி புடிச்சுக்கும்" என்றாய்.

நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். இந்த வயதிலும் ஏரியில் இறங்கினால் என் கால் தரையைத் தேடுவதில்லை அக்கா. நம் வீட்டில் பிறந்த எந்தப் பெண்ணின் காலும் தேடுவதில்லை.